ஆர்.வி. வாடகைக்கு எடுப்போர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடா தின நீண்ட வார இறுதி நெருங்குகிறது. அல்கொங்குவின் பூங்காவுக்கும் ஹன்ட்ஸ்வில் பக்கமும் ஆர்.வி. (படுக்கை, சமையல் வசதியோடு வரும் வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு போகத் தயாராகும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். ஒன்ராறியோவில் சாதாரண ஜி லைசென்ஸ் இருந்தால் 11,000 கிலோ வரையான ஆர்.வி.யை ஓட்டலாம், தனியாக ஒரு சோதனையும் இல்லை. நேற்றுவரை கார் மட்டுமே ஓட்டியவர், வெள்ளிக்கிழமை பின்னேரம் சாவியை வாங்கி, அரை மணி நேர விளக்கத்தைக் கேட்டுவிட்டு, நேரே 400ஆம் நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறார். சட்டம் கேட்காத பயிற்சியை நாங்களாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாடகைக்கு அதிகம் கிடைப்பது சாரதியின் தலைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ‘கிளாஸ் சி’ வகை. ஃபோர்ட் ஈ-450 அடிச்சட்டத்தில் கட்டிய பெரிய வண்டி, ஆட்களும் சாமான்களும் ஏறியபின் 6,500 கிலோ வரை வரலாம். அதாவது, நான்கு கார்களின் எடை. காருக்குப் பழகிய கால் பிரேக்கை மிதிக்கும் இடத்தில் இது நிற்காது. ஆகவே முன்னால் போகும் வாகனத்துக்கும் உங்களுக்கும் இடையில் குறைந்தது நான்கு விநாடி இருக்க வேண்டும், மழையென்றால் ஆறு. முன்வாகனம் ஒரு பலகையைத் தாண்டும்போது ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று எண்ணத் தொடங்குங்கள். நான்கை முடிக்குமுன் நீங்கள் அந்தப் பலகைக்கு வந்துவிட்டால் நெருக்கம் கூடிவிட்டது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் நான்கு விநாடி என்பது ஏறத்தாழ 110 மீற்றர்.

அவ்வளவு இடைவெளி விட்டால் கார்கள் உள்ளே புகத்தான் செய்யும். பலருக்கு இதுதான் பொறுக்காது. ஹோர்ன் அடிப்பதும், இடைவெளியை அடைப்பதற்காக வேகத்தைக் கூட்டுவதும் இங்கேதான் தொடங்குகிறது. புகுந்தவர் புகுந்து போகட்டும். அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்தால் போதும், இடைவெளி தானாகத் திரும்பிவிடும். ஹன்ட்ஸ்வில் வரையான 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டத்தில் நாற்பது கார்கள் புகுந்தாலும், ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடி என்று பார்த்தால் நீங்கள் இழப்பது இரண்டு நிமிடம்.

ரயரைப் பற்றி வாடகை நிலையத்தில் யாரும் கேட்பதில்லை. கட்டாயம் கேளுங்கள். இந்த வண்டிகளுக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு ரயர்கள். உட்பக்க ரயரில் காற்று இறங்கினாலும் வெளி ரயர் வண்டியைத் தாங்கிக்கொண்டிருக்கும். பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் இரண்டு ரயரின் பாரத்தையும் ஒன்றே சுமப்பதால் அது சூடேறி, நெடுஞ்சாலை வேகத்தில் வெடிக்கும். தடியால் தட்டிப் பார்ப்பதை நம்ப வேண்டாம். இரட்டை ரயருக்கென்றே விற்கும் நீண்ட தலையுள்ள காற்றுமானியால் ஆறு ரயர்களையும் காலையில், ஓடத் தொடங்குமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். எவ்வளவு காற்று வேண்டும் என்பது சாரதிக் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறு. ரயரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ஆர்.வி. மாதக்கணக்கில் ஓடாமல் வெயிலில் நிற்கும் வாகனம். பூக்கள் தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் பக்கச் சுவரின் ரப்பர் வெடித்திருக்கும். ஏழு வருடத்தைத் தாண்டிய ரயரோடு வண்டியை வெளியே எடுக்காதீர்கள், வேறு வண்டி கேளுங்கள்.

ஓடும்போது ரயர் வெடித்தால் பிரேக்கைத் தொடக்கூடாது. மிதித்தால் வண்டி வெடித்த பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, வண்டி நிதானத்துக்கு வந்த பின்னர் அக்சிலரேற்றரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானாகக் குறைந்ததும் ஓரத்துக்குப் போங்கள்.

பாரத்தை ஏற்றும் விதத்திலும் பிழை நடக்கிறது. தண்ணீர்த் தொட்டியை வீட்டிலேயே நிரப்பினால் 150 லீற்றர் என்பது அப்படியே 150 கிலோ. முகாமில் நிரப்பிக்கொள்ளலாம். அரிசி மூட்டை, பெரிய சட்டி, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் பின்பக்க அறைக்குள் தள்ளினால் பின்னச்சுக்குப் பின்னால் பாரம் கூடி முன்பக்கம் இலேசாகிவிடும். காற்றடிக்கும் நாளில் ஸ்ரியரிங் பிடியே இல்லாததுபோல் ஆடும். பாரமானவற்றை இரண்டு அச்சுகளுக்கும் நடுவில், தாழ்வாக வையுங்கள். ட்ரெயிலர் இழுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ட்ரெயிலரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பாம்புபோல் நெளியத் தொடங்கும். அப்படி நெளிந்தால் வாகனத்தின் பிரேக்கை மிதிக்காமல் காலை மட்டும் எடுத்து, ட்ரெயிலர் பிரேக்கைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். 1,360 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம். ஓடும் ட்ரெயிலருக்குள் ஆட்கள் இருப்பதும் தடை.

வண்டியின் உயரத்தை மீற்றரிலும் அடியிலும் எழுதி சாரதியின் கண் முன்னே ஒட்டிவையுங்கள், ஏனென்றால் பாலத்தில் மீற்றர் இருக்கும், வண்டியில் பெரும்பாலும் அடி இருக்கும். கூரையிலுள்ள ஏசியையும் சேர்த்தே அளக்க வேண்டும். ட்ரைவ்-த்ரூவுக்குள்ளும் அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்குள்ளும் இந்த வண்டிக்கு வேலையே இல்லை.

பெற்றோல் நிலையத்திலிருந்து வெளியேறும்போது அதிகம் உடைவது வால். பின்சக்கரத்துக்குப் பின்னால் மூன்று மீற்றர் வரை உடம்பு நீட்டிக்கொண்டிருக்கும். இடப்பக்கம் ஸ்ரியரிங்கை ஒடித்தால் அந்த வால் வலப்பக்கம் வெளியே வீசும், மஞ்சள் தூணில் உரசும். முதலில் நேராக முன்னே போய், பக்கக் கண்ணாடிக்குக் கீழேயுள்ள குவிகண்ணாடியில் தூண் பின்சக்கரத்தைத் தாண்டி, வாலையும் தாண்டியதைப் பார்த்த பிறகே திரும்புங்கள். குவிகண்ணாடியில் எல்லாம் உண்மையைவிடத் தூரமாகத் தெரியும் என்பதையும் மறக்கக்கூடாது. இதையெல்லாம் பழக, ஞாயிறு காலை வெறுமையாகக் கிடக்கும் ஒரு கடைத்தொகுதித் தரிப்பிடமும் நான்கு பிளாஸ்ரிக் கூம்புகளும் ஒரு மணி நேரமும் போதும்.

இனி 401ஆம் நெடுஞ்சாலை. ரொறன்ரோவைக் கடந்து போவதுதான் நோக்கமென்றால் நடுவிலுள்ள எக்ஸ்பிரஸ் பகுதியில் போங்கள். ‘கலெக்டர்’ எனப்படும் ஓரப் பகுதியில் ஒவ்வொரு நுழைவாயிலிலும் யாராவது உங்கள் முன்னால் வந்து சேர்வார்கள். நகருக்குள் வலது ஓரத்திலிருந்து இரண்டாவது லேன் நல்லது. 400இல் பரி (Barrie) நகரைத் தாண்டி நெரிசல் குறைந்ததும் வலது ஓர லேனிலேயே இருங்கள். இடது ஓர லேன் உங்களுக்கில்லை. லேன் மாறுவதற்கு ஐந்து விநாடி முன்னரே சிக்னலைப் போடுங்கள். வழி விடுபவருக்கும் முடிவெடுக்க நேரம் வேண்டும். வீதியோரத்தில் டோ ட்ரக்கோ பொலிஸ் வாகனமோ விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றால் வேகத்தைக் குறைத்து, முடியுமானால் அடுத்த லேனுக்கு விலக வேண்டும். விலகாவிட்டால் முதல் தடவைக்கு 400 முதல் 2,000 டொலர் வரை தண்டமும் மூன்று புள்ளிகளும். காரில் கடைசி நேரத்தில் விலகலாம், ஆர்.வி.யில் தூரத்தில் விளக்கைக் கண்டவுடனேயே தொடங்க வேண்டும். பெரிய ட்ரக் பக்கத்தால் தாண்டும்போது அதன் காற்று முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். எதிர்த்து ஒடிக்காமல் ஸ்ரியரிங்கை இறுக்கமாக வைத்திருங்கள். பலத்த காற்று நாளில் நயாகரா போகும் கியூ.ஈ.டபிள்யூ. நெடுஞ்சாலையின் பேர்லிங்ரன் பாலத்தைச் சில வேளைகளில் மூடிவிடுவார்கள் என்பதால் நயாகரா போகிறவர்கள் முதலே பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் ஆட்களிடம் உள்ள ஒரு பழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நான்கு குடும்பங்கள் நான்கு வண்டி எடுத்தால் ஒன்றின் பின்னால் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகிறோம். வெளியேறும் வழிக்கு வர நினைக்கும் காருக்கு அது ஓடும் சுவர். வண்டிகளைப் பிரித்து, பத்து நிமிட இடைவெளியில் வெளிக்கிடுங்கள். சந்திக்கும் இடத்தை முதலே பேசிவையுங்கள். பாதையில் ஒன்றூட் (ONroute) ஓய்வு நிலையங்கள் இருக்கின்றனவே. ‘எங்கே நிற்கிறீர்கள்’ என்று சாரதிக்கு அழைப்பு எடுக்கவே கூடாது.

ஓடும் வண்டிக்குள் எழுந்து தேநீர் ஊற்றுவது, பிள்ளைகள் மேற்படுக்கையில் படுத்திருப்பது இரண்டும் இன்றோடு நிற்கட்டும். படுக்கை எட்டுப் பேருக்கு இருக்கலாம். சீற் பெல்ற் எத்தனை என்று எண்ணி அத்தனை பேரை மட்டும் ஏற்றுங்கள். பக்கவாட்டில் பார்க்கும் இருக்கையில் குழந்தை இருக்கையைப் பூட்டக்கூடாது. கேஸ் சிலிண்டரின் வால்வை வெளிக்கிட முன்னரே மூடுங்கள், கேஸில் ஓடும் குளிர்சாதனப் பெட்டி நின்றாலும், அதைத் திறக்காவிட்டால் சில மணி நேரத்துக்குச் சாமான் பழுதாகாது.

கார் ஓட்டுபவர்களிடமும் ஒன்று கேட்கிறோம்: ஆர்.வி.யை முந்தியபின் உங்கள் பின்கண்ணாடியில் அதன் முகம் முழுதாகத் தெரியும்வரை உள்ளே வராதீர்கள்.

ஹன்ட்ஸ்வில்லிலிருந்து அல்கொங்குவின் போகும் 60ஆம் நெடுஞ்சாலையில் ஏறியதும் பக்கத்துக்கு ஒரு லேன்தான், பெரும்பகுதியில் வேகம் 80. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டால் யாரோ ஒருவர் பொறுமையிழந்து வளைவில் முந்துவார். கலிபோர்னியாவிலும் வாஷிங்ரன் மாநிலத்திலும் இருவழிப் பாதையில் மெதுவாகப் போகும் வாகனத்தின் பின்னால் ஐந்து வாகனங்கள் சேர்ந்தால் ஒதுங்கி விடவேண்டும் என்பது சட்டம். அதே எண்ணிக்கையை இங்கும் வைத்துக்கொள்ளுங்கள். முந்தும் லேன் வந்தால் வலப்பக்கம் எடுத்து, அவர்கள் போய் முடியும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். அது வராவிட்டால் தார் போட்ட அகலமான இடமாகப் பார்த்து, முன்கூட்டியே சிக்னல் போட்டு ஒதுங்குங்கள். சரளை ஓரத்தில் இறங்க வேண்டாம். மழை பெய்திருந்தால் இரட்டைச் சக்கரம் புதைந்துவிடும், பிறகு அந்த எடையை வெளியே இழுக்கக் கனரக டோ ட்ரக்தான் வரவேண்டும்.

இப்படிக்கு,
வாகனப் பயிற்றுநர்கள் சிலர்,
ஸ்காபரோ