சித்திரைக் காலைகளைச் சின்னப் பிள்ளைகளுக்கு விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதுவருட விடுமுறை கிட்ட வந்தால் எங்கள் ஒழுங்கையில் இளம் தாய்மார் என்னைக் கண்டதும் கேட்பது ஒன்றுதான்: "ரீச்சர், லீவுக்குப் பிள்ளையளை எங்க கூட்டிக்கொண்டு போகலாம்?" யாழ்ப்பாணம் உரும்பிராயில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அவர்களுக்கு வாயால் சொல்லும் பதிலை உங்கள் பத்திரிகை மூலம் மற்றவர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

வசதி உள்ளவர்கள் வான் பிடித்து நுவரெலியாவுக்குப் போகிறார்கள். ஏப்ரலில் அங்கே வசந்தகாலக் கொண்டாட்டம், பூக்கள், குதிரைப் பந்தயம் என்று ஊரே நிறைந்திருக்கும். போகிறவர்கள் சந்தோசமாகப் போய்வரட்டும். ஆனால் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த நீண்ட பயணத்தில் பாதி சத்தியிலும் நித்திரையிலும் போய்விடும். அந்த வயதுக்கு வீட்டு வளவும், வேலியும், ஒழுங்கை முடக்கில் நிற்கிற ஒரு பெரிய மரமும் போதும். கூட ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அவர் அவசரப்படாதவராக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் இளவேனில் மற்ற ஊர்களைப் போல ஈரத்தோடு வருவதில்லை. வடகிழக்கிலிருந்து வீசுகிற வாடை ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகம் எழும்ப முன்னம், காற்று நின்று புழுங்குகிற இடைக்காலத்தில்தான் வருகிறது. புல் காய்ந்து, மண் வெடித்துக் கிடக்கும். ஆனால் அந்தக் காய்ச்சலுக்குள்தான் மரங்கள் தளிர்க்கின்றன. மாசியில் இலை முழுவதையும் கொட்டிய வேம்பு பங்குனியில் செம்பு நிறத்தில் கொழுந்து விடும். வேலியில் நிற்கிற முள்முருக்கு இலையில்லாமல் சிவப்புப் பூவை மட்டும் வைத்துக்கொண்டு நிற்க, மைனாவும் காகமும் தேன்சிட்டும் அதில் தேனுக்குச் சண்டை பிடிக்கும். இலவங்காய் வெடித்துப் பஞ்சு ஒழுங்கை நீளத்துக்குப் பறக்கும். கொன்றை சரம்சரமாகத் தொங்கும். பூவரசம் பூவைக் காலையில் பார்த்தால் மஞ்சள், அதே பூவை வாட வாடப் பார்த்தால் செம்மை. காலையில் ஒரு பூவின் காம்பில் நூல் கட்டிவிட்டுப் பின்னேரமும் மறுநாளும் அதையே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதைவிட நல்ல விஞ்ஞான பாடம் நான் கண்டதில்லை.

வேப்பம்பூவைத் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை விடியற்காலையில் வேப்பமரத்துக்குக் கீழே பழைய சேலை ஒன்றை விரித்துவிட்டால், கொஞ்ச நேரத்தில் வெள்ளை வெள்ளையாக விழுந்து கிடக்கும். பிள்ளைகளுக்கு அதைப் பொறுக்குவதில் இருக்கிற ஆசை பெரியவர்களுக்கு வராது. காம்பு, சருகு எல்லாம் பொறுக்கி எறிந்து, சுளகில் கொழித்து, வெயிலில் காயப்போட்டு, உழுந்தோடும் செத்தல் மிளகாயோடும் சேர்த்து வடகம் தட்டும்வரை அவர்கள் கூடவே நிற்பார்கள். தாங்கள் பொறுக்கின பூ என்பதற்காகவே அந்தக் கசப்பைச் சோற்றோடு சாப்பிடுவார்கள். பாவற்காயைத் தட்டைவிட்டு ஒதுக்குகிற பிள்ளைகளைத்தான் சொல்கிறேன்.

போன சித்திரையில் என் பேத்தியோடு கோடிப்பக்கம் இருந்தேன். அவளுக்கு நாலு வயது. தாழ்வாரத்துக்குக் கீழே, தூவானம் படாத இடத்தில், எங்கள் செம்பாட்டு மண் மாவாகக் கிடக்கும். அதில் குழியானை தோண்டின குழிகள். புனல் போல அவ்வளவு வடிவான குழிகள், விரல் நுனி அளவு ஆழம். ஒரு கட்டெறும்பு விளிம்பில் கால் வைத்ததும் மண் சறுக்கியது. அது ஏற ஏற, அடியில் ஒளிந்திருந்த பூச்சி தலையால் மண்ணை வாரி மேலே எறிந்தது. எறும்பு ஒருமுறை விளிம்புவரை வந்துவிட்டது. பிள்ளை மூச்சுவிடவில்லை. பிறகு மண்ணோடு சேர்ந்து கீழே போய்விட்டது. "அம்மம்மா, காப்பாத்துங்கோ" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். "பொறு பிள்ளை, அதுக்கும் பசிக்குமெல்லே" என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த இடத்தைவிட்டு எழும்பவும் இல்லை.

பிறகு ஒரு குழியை மெல்லக் கிளறிக் குழியானையைச் சிரட்டைக்குள் போட்டுக் காட்டினேன். கொழுத்த சின்ன உடம்பு, முன்னால் கொடுக்கு மாதிரி இரண்டு தாடை. அது பின்பக்கமாகத்தான் நடக்கும். "ஏன் பின்னுக்கே போகுது?" என்று கேட்டாள். பின்னுக்குப் போய்ப் போய்த்தான் அது குழியே தோண்டுகிறது என்று தடியால் மண்ணில் சுற்றிக் காட்டினேன். ஒருநாள் இதற்குச் சிறகு முளைத்துத் தும்பி போலப் பறந்துவிடும் என்று சொன்னபோது அவள் நம்பவேயில்லை. தாயிடம் போய்க் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் வந்தாள். அன்று காலை முழுவதும் அவளுக்குப் போன் நினைவு வரவில்லை. இதைச் சாட்சியாகவே எழுதுகிறேன்.

குயில் கூவுவதைக் கேட்காத வீடு இந்த மாதத்தில் இல்லை. ஆனால் குயிலைப் பார்த்த பிள்ளைகள் மிகக் குறைவு. காகத்தைக் காட்டி "குயில்" என்று சொல்கிற பிள்ளைகளை முன்பள்ளியில் நிறையக் கண்டிருக்கிறேன். ஆண் குயிலுக்குக் கண் இரத்தச் சிவப்பு. பெண் குயில் கறுப்பே இல்லை, மண்ணிற உடம்பில் வெள்ளைப் புள்ளி. காகக் கூட்டில் அது முட்டை இடுவதும், காகம் அதை அடைகாத்துக் குஞ்சாக்கித் தீத்துவதும், கதையாகச் சொன்னால் எந்தப் பிள்ளையும் வாய் பிளந்து கேட்கும். கதை சொன்ன அடுத்த நாள் காகம் ஒன்று குயிலைத் துரத்திக்கொண்டு போவதை மாமரத்தடியில் நின்று பார்த்தால், பிள்ளைக்கு அந்தக் கதை உண்மையாகிவிடும். கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் நிற்க வேண்டும். சின்னப் பிள்ளைகளால் நிற்க முடியாது என்று நினைக்காதீர்கள். பார்க்க ஏதாவது இருந்தால் நிற்பார்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஏப்ரல் முதல் இரண்டு கிழமைகளில் சூரியன் இலங்கையின் தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வோர் ஊருக்கும் நேர் மேலே வந்து போகும். யாழ்ப்பாணத்துக்கு அது ஏறக்குறைய சித்திரைப் புதுவருடத்தை ஒட்டியே வருகிறது. அந்த நாட்களில் மத்தியானம் 12.10 அளவில் முற்றத்தில் ஒரு போத்தலை நிமிர்த்தி வைத்தால் நிழல் அதன் அடிக்குள் போய்விடும். பிள்ளையை முற்றத்தில் நிறுத்தினால் நிழல் காலடிக்குள் சுருண்டுவிடும். அதற்கு மட்டும் ஐந்து நிமிடம், தொப்பியோடு வெளியே விடுங்கள். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் அதே போத்தலின் நிழலைச் சுண்ணாம்பால் கீறி வைத்தால் பிள்ளைகளே ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

புதுவருடத்தன்றே இன்னொரு வேலையும் கொடுக்கலாம். குளிக்க முன்னம் தலையில் மருத்துநீர் என்கிற மூலிகைத் தண்ணீர் வைக்கும்போது தலைக்கு ஓர் இலை, காலுக்கு ஓர் இலை என்று பஞ்சாங்கம் சொல்லும். வருடத்துக்கு வருடம் மாறும், வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும்கூட வித்தியாசம் இருக்கும். இப்போது அந்த இலையைக் கோயிலிலோ சந்தையிலோ வாங்கிவிடுகிறோம். முதல் நாள் பின்னேரம் அப்பப்பாவோ அம்மப்பாவோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த மரத்தைத் தேடிப்போய், கேட்டு, இரண்டு இலை பிடுங்கி வரட்டும்.

நேரத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சித்திரை வெயில் பொல்லாதது. ஆறு மணிக்கு விடிகிறது. விடிந்ததிலிருந்து எட்டரை வரை, பிறகு பின்னேரம் நாலரைக்கு மேல், இதுதான் பிள்ளைகளுக்குரிய நேரம். தண்ணிப் போத்தல் கையில் இருக்க வேண்டும். கட்டுக் குறைந்த கிணறு உள்ள வளவில் பிள்ளையைவிட்டுக் கண்ணெடுக்கக் கூடாது. சருகுக் கும்பம், விறகுக் குவியல், கல் அடுக்கு இவற்றுக்குள் கை விட விடக்கூடாது. பாம்பும் தேளும் குளிர்ச்சிக்கு அங்கேதான் ஒதுங்கும். மஞ்சள் அலரிக் காயையும் குண்டுமணியையும் வாயில் வைத்தால் உயிராபத்து. எருக்கலைப் பால் கண்ணில் படக்கூடாது. தோட்டவெளிக்குப் போனால் மருந்து அடித்த பாத்தியா என்று தோட்டக்காரரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். இவற்றை ஒருமுறை பிள்ளைக்கும் காட்டிச் சொல்லிவிட்டால் அதுவே மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

வளவு இல்லாதவர்கள், நகரத்துக்குள் வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாட்டிக் கடற்கரை பஸ்ஸில் போகிற தூரம்தான். காலையில் போனால் கடல் தளும்பாமல் கிடக்கும். நண்டு வளையும் சிப்பியும் சோகியும் போதும் ஒரு பிள்ளைக்கு. வடமராட்சிக்காரருக்கு மணற்காட்டு மணல்மேடும் சவுக்குத் தோப்பும் இருக்கிறது. நுங்கு வெட்டத் தொடங்கினதும் எங்காவது ஒரு பனையடியில் நின்று, சீவின நுங்கைப் பெருவிரலால் தோண்டிக் குடிக்கப் பழக்குங்கள். கோம்பை இரண்டை ஒரு தடியில் கோர்த்தால் வண்டில். கடையில் விற்கிற எந்த விளையாட்டுச் சாமானையும்விட அது அதிகம் ஓடும்.

இங்கே ஒரு மனவருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். நாலு வயதுப் பிள்ளைகளுக்கு விடுமுறை வேலை என்று கட்டுக்கட்டாகப் பயிற்சித் தாள் கொடுத்து அனுப்பும் இடங்கள் இப்போது இருக்கின்றன. எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒன்று புதுவருடக் காலையிலும் எழுத்துக்கு மேல் எழுத்துக் கீறிக்கொண்டு இருந்தது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது. பெற்றோரின் பயம் எனக்கு விளங்குகிறது, ஆனால் பொறுக்குவதும் கொழிப்பதும் நூல் கட்டுவதும்தான் அந்த விரல்களைப் பென்சிலுக்குத் தயார்படுத்துகின்றன. இதை என் வேலை அனுபவத்தில் சொல்கிறேன்.

வேலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நின்ற இடமெல்லாம் மதிலாகிறது. பாதுகாப்புக்குக் கட்டுகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் நாலு பக்கமும் மதில் எழுப்புகிறவர்கள் ஒரு பக்கத்தையாவது உயிர்வேலியாக விட்டால் ஓணானும் புலுனியும் அங்கே இருக்கும், பிள்ளைக்கும் பார்க்க ஏதாவது இருக்கும். மாநகரசபையும் பிரதேச சபைகளும் சிறுவர் பூங்கா அமைக்கும்போது நிலம் முழுவதற்கும் கல் பதிக்காமல், ஒரு வேம்பின் கீழ் கொஞ்ச இடத்தை வெறும் மண்ணாக விடும்படி கேட்கிறேன். சறுக்கியும் ஊஞ்சலும் நல்லதுதான், ஆனால் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போய் இருப்பது மண்ணில்தான்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வார வெளியீட்டில் சிறுவர் பகுதியில் ஒரு சின்னப் பெட்டி ஒதுக்குங்கள்: இந்தக் கிழமை எங்கே என்ன பூத்திருக்கிறது, எந்தப் பறவை கூடு கட்டுகிறது, எந்தக் காய் விழத் தொடங்கிவிட்டது. வலிகாமத்திலிருந்தும் வடமராட்சி, தென்மராட்சி, தீவகத்திலிருந்தும் வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள். தாய் தகப்பன் அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையோடு வெளியே இறங்குவார்கள். முதல் கிழமைக்குரிய குறிப்பை நானே எழுதித் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முன்பள்ளி ஆசிரியை,
உரும்பிராய்.