பின்வாசல் சாவி யார்ட்ட இருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்,

கானாடுகாத்தான் பக்கம் எங்க பங்காளிங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு பழைய வீடு இருக்கு, பாதிப் பேர் சென்னைல, மீதி சிங்கப்பூர் மலேசியான்னு இருக்காங்க, பூட்டியே கிடந்தா கரையான் தின்னுடும்னு நாள் வாடகைக்கு விடுறோம். நான் காரைக்குடில இருக்கிறதால புக்கிங் பாக்குறது நான்தான். இதுல பெருமைப்பட எதுவும் இல்ல, இருந்தாலும் எழுதுறேன்.

போன வருஷம் ரெண்டு ஆம்பளைங்க ஒரு பொண்ணோட வந்தாங்க, பதினஞ்சு பதினாறு வயசுதான் இருக்கும். ரெண்டு நாள் வாடகையும் கேஷா குடுத்தாங்க, அவங்க ஆதார மட்டும் காட்டுனாங்க, பொண்ணோடத கேட்டா சொந்தக்காரப் பிள்ளைதான், வாட்ஸ்அப்ல அனுப்புறோம்னாங்க, நானும் சரின்னுட்டேன். ரூம் கூட்ட யாரும் வர வேணாம்னுட்டாங்க. தண்ணி கேன் வைக்கப்போன வேலைக்கார அக்காட்ட அந்தப் பொண்ணு அரைகுறைத் தமிழ்ல இது எந்த ஊருன்னு கேட்டிருக்கு, உள்ள இருந்து ஒருத்தன் கூப்டதும் வாய மூடிக்கிச்சாம். அக்கா உடனே போன் போட்டு, "தம்பி, தங்கியிருக்க ஊரு பேரே தெரியாத பிள்ளைய எங்கயாச்சும் பாத்திருக்கியளா?"ன்னாங்க. நான் சொன்னது: "நமக்கெதுக்குக்கா வம்பு, காசு குடுத்து வந்திருக்காக."

மறுநாள் விடியுறதுக்குள்ள கிளம்பிட்டாங்க. பின்வாசல் தொறந்து கிடந்துச்சு.

நம்ம ஊரு வீடுகளப் பத்தி உங்களுக்கே தெரியும், முகப்பு ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. வாட்ச்மேன் முன்னாடி திண்ணைல இருப்பாரு, வளவு, ரெண்டாங்கட்டெல்லாம் தாண்டி பின்னாடி யாரு வந்தா போனான்னு அவருக்கு எப்படித் தெரியும். ராத்திரி பூரா பைக் வந்து வந்து போச்சுன்னு பின்தெரு ஆச்சி ஒருத்தவங்க அப்புறமா சொன்னாக.

வெளிநாட்டுக்காரவுக தங்குனா 24 மணி நேரத்துல அவுக விவரத்த அரசாங்கத்துக்கு அனுப்பிடுறோம், பயம். நம்ம நாட்டுப் பிள்ளைக்கு ஒரு அடையாள அட்டை கூட வாங்கல நான். அன்னைக்கு 1098க்கு அடிச்சிருந்தா குழந்தைங்களுக்கான ஆளுங்க, போலீஸுன்னு தேடி வந்திருப்பாங்க, சந்தேகம்னு சொன்னாலே போதும், ஆதாரம் தேடுறது நம்ம வேலை இல்ல. வயசு வந்த பொண்ணுன்னா 181, அவசரம்னா 112. நாமளே கதவத் தட்டி மிரட்டக்கூடாது, மிரட்டுனா அந்தப் பொண்ணத்தான் முதல்ல வேற ஊருக்குத் தூக்கிருவாங்க. அது சம்மதிச்சுத்தான் வந்துச்சுன்னு சொல்லித் தப்பிக்கவும் முடியாது, ஆள்கடத்தலப் பத்தின பாரதிய நியாய சன்ஹிதா 143வது பிரிவுல சம்மதங்கிற பேச்சுக்கே இடமில்ல, 18 வயசுக்குக் கீழன்னா 10 வருஷத்துக்குக் குறையாம ஜெயில். தெரிஞ்சே விபச்சாரத்துக்கு இடம் குடுத்த வீட்டுக்காரருக்கும் 1956 விபச்சாரத் தடுப்புச் சட்டத்துல தண்டனை இருக்கு.

இதச் சொன்னதும் எங்க பங்காளி ஒருத்தர் அப்ப கல்யாணமாகாத ஜோடிக்கெல்லாம் ரூம் இல்லன்னு போர்டு வச்சுருவோம்னாரு. அது வேற கதை அண்ணே. கோயம்புத்தூர்ல ஒரு சர்வீஸ் அப்பார்ட்மென்ட்டுக்கு சீல் வச்ச கேஸ்ல, கல்யாணமாகாத ரெண்டு பெரியவங்க ஒரே ரூம்ல தங்குறது குத்தமில்லன்னு 2019லயே சென்னை ஐகோர்ட் சொல்லிடுச்சு. ஜோடியா சிரிச்சுப் பேசிக்கிட்டு வர்றவங்கள நோண்டிட்டு, கூட வந்த பொண்ண நம்மகிட்ட பேச விடாம எல்லாத்துக்கும் ஒருத்தனே பதில் சொல்றான் பாருங்க, அவன விட்டுருவோம். ஒரு ரூம்ல நிமிஷத்துக்கு ஒரு புது முகம், நாளுக்கு நாள் கேஷ் குடுத்து நீட்டிக்கிட்டே போறது, எல்லார் அடையாள அட்டையும் ஒருத்தன் பையில, இதப் பாருங்க.

இதெல்லாம் கண்ணுல படுறது வாடகை வாங்குற நமக்கில்ல, கூட்டிப் பெருக்குற அக்காவுக்கும் வாட்ச்மேனுக்கும்தான். கெஸ்ட்ட எதுவும் கேக்காதீகன்னு அவுகளுக்குச் சொல்லி வச்சிருக்கிறது நாமதான். இப்ப எங்க வீட்டுல பின்வாசல் சாவி வாட்ச்மேன்ட்ட, சந்தேகம்னா என்னையக் கேக்காமலே போன் அடிக்கலாம்னு அக்காட்ட சொல்லிட்டேன், வேலை போகாதுன்னும் சொல்லிருக்கேன். நாள் வாடகைக்கு விடுற மத்தவங்களும் இத மட்டுமாவது செய்யணும். அந்த மூணு நம்பரையும் உங்க பேப்பரோட செட்டிநாட்டுப் பக்கத்துல சுற்றுலா சீசன்லயாவது நீங்க பெருசா போடணும்னு கேட்டுக்கிறேன்.

அந்தப் பிள்ள என்ன ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அக்கா அப்பப்ப கேப்பாங்க.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி