இஞ்சித் தேன் பொங்கியது ஏன்? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் தேனில் இஞ்சி ஊறப்போட்ட ஏழெட்டுப் பேர் பாட்டிலோடு கடைக்கு வந்தீர்கள். மேலே நுரை கட்டியிருந்தது. மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று காற்று, புளித்த வாடை. "தம்பி, இது பாகு கலந்த தேனா?" என்று ஓர் அக்கா நேராகவே கேட்டார். அந்தக் கேள்வி மனதில் தைத்துவிட்டது. அன்றைக்குப் பாட்டிலை மாற்றித் தந்தோம்; காரணத்தை ஆற அமரச் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறோம்.

தேன் கெடாமல் இருப்பது அதில் தண்ணீர் குறைவு என்பதால்தான். நல்ல தேனில் நூற்றுக்கு 17, 18 பங்குதான் தண்ணீர். 20-ஐத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்புத் துறையின் வரையறை. தேனில் இயல்பாகவே உள்ள ஈஸ்ட் என்ற, புளிக்கவைக்கும் நுண்ணுயிர் அந்த அளவுத் தண்ணீரில் பெருகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோ தேனில் சுமார் 180 கிராம் தண்ணீர். கால் கிலோ பச்சை இஞ்சியை நறுக்கிப் போட்டால் அதிலிருந்து இன்னும் 200 கிராம். தேன் அதை இழுத்துக்கொண்டால் தண்ணீர் 30 பங்காகிவிடும். பிறகு பொங்காமல் என்ன செய்யும்? போதாததற்கு நம் கரையோரக் காற்று. அடைமழையில் உப்பு ஜாடியே கசியும் ஊர் இது. மூடி தளர்ந்த தேனும் காற்றின் ஈரத்தை அப்படித்தான் குடிக்கும்.

ஆகவே எதை ஊறப்போட்டாலும் முதலில் காயவையுங்கள். தேன் நெல்லிக்கு எங்கள் வீட்டுப் பக்குவம் இது: நெல்லிக்காயைச் சுளை விடும்வரை ஆவியில் வேகவைத்து, கொட்டை நீக்கி, துணியில் ஒற்றி, தோல் சுருங்கும்வரை வெயிலில் போடுவோம். பிறகு மூழ்கத் தேன் ஊற்றுவோம். ஒரு வாரத்தில் தேன் நீர்த்துப்போகும். அதை வடித்துத் தனியே எடுத்து, காயின் மேல் புதுத் தேன் ஊற்ற வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாம் ஊற்றைத்தான். வடித்த தேனை வீணாக்காதீர்கள், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எலுமிச்சைச் சாற்றில் கலந்து குடித்துவிடுங்கள்.

மணமூட்ட மட்டும் என்றால் காய்ந்த சரக்கே போதும். சுக்கு, ஏலக்காய், பட்டை எல்லாம் சேரும். எங்களுக்குப் பிடித்தது நம் முண்டு மிளகாய். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே குண்டு மிளகாய்தான். கால் கிலோ தேனுக்கு நாலைந்து மிளகாயைக் கிள்ளிப் போட்டு, பாட்டிலைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். அடுப்பில் நேரடியாக வைத்தால் தேனின் மணம் போய்விடும். ஒரு வாரம் கழித்து வடிகட்டினால், பொரித்த மீனுக்குத் தொட்டுக்கொள்ள அவ்வளவு நன்றாக இருக்கும்.

ஜாமுக்குச் சீனிக்குப் பதில் தேன் போடலாமா என்று பலர் கேட்கிறீர்கள். தேன் விற்கும் நாங்களே சொல்கிறோம், முழுக்கப் போட வேண்டாம். தேனோடு தண்ணீரும் வருவதால் நேரம் கூடக் கொதிக்க வேண்டும், அதற்குள் மணம் ஆவியாகிவிடும். ஜாமும் இறுகாமல் தளர்வாகவே நிற்கும். ஒரு கிலோ சீனி என்றால் அதில் பாதியைக் குறைத்து, அதற்கு ஈடாக 400 கிராம் தேனைக் கடைசியில் சேருங்கள். பொங்கி நுரைக்கும், அகலமான பாத்திரமாக எடுங்கள். இந்த ஜாமைக் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

பச்சைப் பூண்டைத் தேனில் போட்டு மாதக்கணக்கில் வெளியே வைக்க வேண்டாம். ஈரம் ஏறினால் பொட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. அதன் வித்துகள் நல்ல தேனிலும் இருக்கலாம். பெரியவர்கள் உடம்பு அந்த வித்துகளைத் தாங்கும். பச்சிளங் குழந்தையின் குடல் தாங்காது. வீட்டில் கொதிக்கவைத்தாலும் அந்த வித்துகள் சாகா. அதனால்தான் பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பு தொட்டுச் சேனை வைக்கத் தேன் கேட்டு வந்தால் நாங்கள் தருவதில்லை. ஒரு வயது நிறையும்வரை நாக்கில் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். மறுத்தபோது சிலர் வருத்தப்பட்டீர்கள். இனியும் மறுப்போம், மன்னியுங்கள்.

இந்த ஐப்பசிக்கு ஊறப்போட நினைப்பவர்கள் வெயில் இருக்கும்போதே, ஆவணிக்குள் இஞ்சியையும் நெல்லியையும் காயவைத்துவிடுங்கள். பொங்கிய பாட்டில் இன்னும் யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள். இறுக்கி மூடாமல், நிமிர்த்தி வைத்து எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உச்சிப்புளி கடைத்தெருவிலிருந்து
உங்கள் தேன் கடைக்காரர்கள்