கேன்சல் பண்ணின டிக்கெட்

அன்புள்ள மக்கா சுடலை,

இங்க எல்லாரும் சுகம். உனக்குச் சுகர் குறைஞ்சிருக்கும்னு நம்புதேன். குறையலைன்னா அந்த அல்வாக் கடைக்காரன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். போன்ல பேசும்போதெல்லாம் மழை, விலைவாசி, செல்லப்பாவோட மூணாவது லோன்னு பேசியே வச்சிருதோம். சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. அது போன்ல வர மாட்டேங்குது. அதான் பேனாவை எடுத்தேன்.

இங்க பம்பாய்ல நான் கணக்கு எழுதுத கடை பாந்த்ராவுல. சாயங்காலம் சிம்பாய் சந்து வழியா நடந்து வருவேன். அந்தப் பக்கம் முக்குக்கு முக்கு கல்லுச் சிலுவை. நம்ம ஊர்ல சுடலைமாடன் பீடம் நிக்குமே, அந்த மாதிரி. (உன்னையச் சொல்லலை.) மே மாசம் பூரா சாயங்காலம் அங்கங்க கூடி ஜெபம் பண்ணுதாங்க. முடிஞ்சதும் பேப்பர்ல மடிச்சு என்ன குடுக்காங்க தெரியுமா? அவிச்ச கொண்டக்கடலை. நம்ம சுண்டலேதான், தாளிப்பு மட்டும் இல்ல. நான் நின்னது அதுக்காகத்தான், சாமிக்காக இல்ல.

அங்க ஒரு கிறிஸ்தவ ஆச்சி. அவங்க பாட்டியோட அப்பா வச்ச சிலுவையாம், பிளேக் வந்தப்போ. அவங்க சொன்னது பாதி, நான் தேடிப் படிச்சது மீதி. 1896 செப்டம்பர்ல துறைமுகத்துப் பக்கம் மாண்ட்வியில இது பிளேக்தான்னு முதல்ல கண்டுபிடிச்சுச் சொன்னது வியேகாஸ்னு ஒரு கோவாக்கார டாக்டர். எட்டு லட்சத்துக்கு மேல ஜனம் இருந்த ஊரு. அடுத்த பிப்ரவரிக்குள்ள கிட்டத்தட்ட நாலு லட்சம் பேர் ஓடிட்டாங்க. சர்க்கார் ஆளுங்க வீடு வீடாப் புகுந்து நோயாளியைத் தூக்குனாங்க. வெயில் விழட்டும்னு கூரை ஓட்டைப் பிரிச்சாங்க. மனுசன் குடியிருக்க லாயக்கில்லன்னு சுவத்துல 'யு.ஹெச்.ஹெச்.'னு எழுதுனாங்க. 2020 கொரோனாவுல நம்ம ஆளுங்க கதவுல தகரம் அடிச்சது ஞாபகம் வருதா? அந்தப் பிளேக் சமயத்துல, ஆஸ்பத்திரிக்குப் போனா உடம்பை அறுத்து எடுக்காங்கன்னு ஒரு வதந்தி. 1896 அக்டோபர்ல மில்லுத் தொழிலாளிகள் ஆயிரம் பேர் போல ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரி மேலயே பாய்ஞ்சுட்டாங்க. இதையெல்லாம் படிச்சுட்டுச் சிரிக்கலாம்னு பாத்தேன். வேப்பிலை கட்டி, மஞ்சத் தண்ணி தெளிச்சு, கிளாஸ் கிளாஸா கபசுரக் குடிநீர் குடிச்சவன் சிரிக்கலாமா?

ஹாஃப்கின்னு ஒருத்தர், இங்க கிராண்ட் மெடிக்கல் காலேஜ்ல மூணு மாசம் உக்காந்து தடுப்பூசி செஞ்சு, 1897 ஜனவரி 10-ம் தேதி முதல் ஊசியைத் தன் உடம்புலயே போட்டுக்கிட்டார். அந்த மனுசனுக்கும் உள்ளுக்குள்ள உதறியிருக்கும்ல?

நான் ஆச்சிகிட்ட கேட்டேன், சிலுவை வச்சதும் பிளேக் நின்னுச்சான்னு. கடலையைப் பொட்டலம் கட்டிக்கிட்டே சொன்னாங்க: "ஒண்ணுல நின்னிருந்தா இத்தனை எதுக்கு?" எல்லாச் சிலுவையும் பிளேக்குக்கு வச்சது இல்ல, சிலது அதுக்கும் முந்தினதாம். ஆனா அந்த வார்த்தை ஒரு வாரமா என்னைத் தூங்க விடலை.

சரி, வந்துட்டேன் விசயத்துக்கு. 2021 ஏப்ரல்ல உங்க அம்மா போனப்போ டிக்கெட் கிடைக்கலைன்னு சொன்னேன்ல? பொய் மக்கா. கிடைச்சுச்சு. நாகர்கோவில் வண்டி, ஸ்லீப்பர், கன்ஃபர்ம். எஸ்-6, 41. நம்பர்கூட மறக்கலை. தாராவியில எங்க லைன்ல அந்த வாரம் ரெண்டு பேர் போயிருந்தாங்க. பையை எடுத்துக்கிட்டு டாக்ஸி வரைக்கும் வந்தேன். டிரைவர் இருமினான். ஒரே இருமல்தான். திரும்பி வந்து, கதவைச் சாத்திக்கிட்டு, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினேன். பாதிப் பணம் திரும்ப வந்துச்சு, அதை வாங்கிக்கவும் செஞ்சேன்.

அதோட விட்டேனா? முப்பிடாதி அம்மனுக்குக் கெடா வெட்டுதேன், என்னை மட்டும் விட்டுருன்னு வேண்டிக்கிட்டேன். 'என்னை மட்டும்'. பொண்டாட்டி பிள்ளையைக்கூடச் சேக்கலை, பாத்துக்கோ. கெடாவும் இன்னும் வெட்டலை. அம்மனுக்கும் கடன், உனக்கும் கடன்.

பரீட்சைக் காலத்துல ராத்திரி பன்னெண்டு மணிக்கு எனக்கும் சேத்துத் தோசை சுட்டவங்க அவங்க. தலைமாட்டுல நாலு பேர் கூட இல்லாமப் போனாங்கன்னு நீ போன்ல சொன்னப்போ, நான் "கடவுள் இருக்காரு"ன்னு சொன்னேன். எந்த வாயால சொன்னேனோ.

நீ திட்டணும். "பரவாயில்ல விடு"ன்னு மட்டும் எழுதிராத. உன் பரவாயில்லையை எனக்கு நாப்பது வருசமாத் தெரியும். அம்மன் கோயில் கொடைக்கு டிக்கெட் போட்டாச்சு. வீட்டம்மாகிட்ட சொல்லிட்டேன், நான் கேன்சல் பண்ணிராம இருக்க அவதான் டிக்கெட்டை வச்சிருக்கா. நல்ல கெடா ஒண்ணு பாத்து வை. விலை உன் மச்சான் சொல்லுத விலை வேண்டாம். ஸ்டேசனுக்கு நீ வருவியா, நானா பஸ் பிடிச்சு வரணுமா, எழுது.

இப்படிக்கு,
உன் இசக்கி