சுருதி சேர்த்த பிறகு மேடைப்பேச்சு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மண்டபம் ஊர்க் கடற்கரையில் சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்த இளையோர் இசைக்குழுக் கச்சேரி பற்றித் தங்கள் நாளிதழில் படத்துடன் செய்தி வந்திருந்தது. தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள், வாழ்த்துரை வழங்கியவர்கள் பெயரெல்லாம் இருந்தன. பொன்னாடை போர்த்திய படமும் இருந்தது. வாசித்த பிள்ளைகளைப் பற்றி "மாணவ, மாணவியரின் இசை நிகழ்ச்சி நடைபெற்றது" என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள் நடந்ததைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் ராமநாதபுரத்தில் மிருதங்கம், தவில், தபேலாவுக்கு மூட்டு, அதாவது தட்டி வாசிக்கும் தோல் முகம், கட்டுகிறவன். என் பேத்தி அந்தக் குழுவில் வயலின் வாசிக்கிறாள். பேத்திக்காகவும் எழுதுகிறேன், தொழிலுக்காகவும் எழுதுகிறேன்.

கச்சேரி 6 மணிக்கு என்று அழைப்பிதழ். பிள்ளைகள் ஐந்தரைக்கே மேடையேறிச் சுருதி சேர்த்துத் தயாராக உட்கார்ந்துவிட்டார்கள். தங்கச்சிமடம், பாம்பன், வேதாளை, உச்சிப்புளி, கீழக்கரை என்று பல ஊர்ப் பிள்ளைகள். ஞாயிறு வைத்தது நல்ல யோசனை. சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகுகள் காலையில் கரை சேர்ந்துவிட்டதால் தகப்பன்மார் நிறையப் பேர் வர முடிந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு, கண்ணில் தூக்கத்தோடு, முன்வரிசைக்கு வராமல் பின்னால் நின்றார்கள்.

பிறகு பேச்சு ஆரம்பித்தது. ஏழேகால் வரை பேச்சு. மேடையோ வடகடலைப் பார்த்த திறந்த மேடை, மாதமோ தை. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். வாடைக் காற்று நேரே மேடைக்குள் அடித்தது. மிருதங்கத்தின் தோல் ஈரத்தை உறிஞ்சினால் தொய்யும், தொய்ந்தால் சுருதி இறங்கும். வயலின் வில்லில் கட்டியிருப்பது குதிரை முடி, அதுவும் ஈரத்தில் நீண்டு தளர்ந்துவிடும். தந்தியை முறுக்கும் பிருடை மரம் ஊதிப் பிடித்துக்கொள்ளும், சின்னக் கையால் திருப்ப முடியாது. இதெல்லாம் பேசுகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஏற்பாடு செய்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மிருதங்கம் வாசிக்கும் பையன் ஏழாவது படிக்கிறான். பேச்சு நடக்கும்போது தட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. தன் துண்டை எடுத்து மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலை மேல் போர்த்தி, அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். யாரும் சொல்லிக் கொடுத்து அவன் அதைச் செய்யவில்லை. எத்தனையோ பெரிய வித்வான்களுக்கு மூட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். வாத்தியத்தை அப்படிப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் இல்லை.

விருந்தினராக வந்த கலைஞர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாகஸ்வரம், தவில் வித்வான்கள் இருவர், சென்னையிலிருந்து, வயலின் வகையில் பெரிய வாத்தியமான செல்லோ வாசிக்கும் அம்மையார் ஒருவர். மூவரும் வெள்ளிக்கிழமையே வந்து பிள்ளைகளோடு ஒத்திகைக்கு உட்கார்ந்துவிட்டார்கள். நாகஸ்வரத்தின் சுருதி குழலின் நீளத்திலேயே அமைந்துவிடுகிறது. ஊதும் முனையான சீவாளியிலும் மூச்சிலும் கொஞ்சம்தான் ஏற்றி இறக்கலாம். ஆகவே மற்ற எல்லோரும்தான் அதற்கு இறங்கிவர வேண்டும். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். வித்வான் கொண்டுவந்தது 2 கட்டைக் குழல். நம்முடைய 2 கட்டையும் மேற்கத்திய சங்கீதத்தின் 'டி' சுரமும் ஒரே இடம். மேற்கத்திய முறையில் சுருதி சேர்த்த வயலினில் ஒரு தந்தியே 'டி' தந்திதான். இந்தப் பிள்ளைகள் முதன்முதலில் கற்றதும் 'டி'யில் தொடங்கும் மேஜர் ஸ்கேல், அதாவது நம் சங்கராபரண ராகம். யாருக்கும் யாரும் வளைய வேண்டியிருக்கவில்லை.

அதனால்தான் அதே சங்கராபரணத்தில் அமைந்த முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை எடுத்துக்கொண்டார்கள். தீட்சிதர் மணலியில் இருந்த காலத்தில் சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தவை அவை. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் அதே காலத்தில் வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர். அப்படிப் பிறந்த உருப்படிகளை வயலினும் செல்லோவும் நாகஸ்வரமும் சேர்ந்து மண்டபம் கடற்கரையில் வாசித்ததைக் கேட்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். செல்லோ அம்மையார் முன்னால் போட்ட நாற்காலியில் உட்காரவில்லை. கடைசி வரிசையில், தடுமாறிக்கொண்டிருந்த பாம்பன் பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் வாசித்த எளிய பகுதியையே தானும் வாசித்தார்.

முதல் உருப்படி நான் பயந்தபடிதான் ஆனது. மிருதங்கம் அரைக் கட்டை இறங்கியிருந்தது. வயலின்கள் ஆளுக்கொரு பக்கம். சமாளித்து முடித்துவிடலாம் என்று வேறொருவர் நினைத்திருப்பார். நாகஸ்வர வித்வான் குழலை இறக்கினார். மைக்கில், "பெரியவங்க கொஞ்சம் பொறுக்கணும், பிள்ளைகள் சுருதி சேர்த்துக்கட்டும்" என்றார். ஒரு சட்ஜத்தை, அதாவது 'ஸ'வை, நீளமாகப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். என் பேத்தியின் பிருடை அசையவில்லை. "பதறாத தாயி, மெதுவாத் திருப்பு, நான் ஊதிக்கிட்டே இருக்கேன்" என்று அவள் முடிக்கிறவரை அங்கேயே நின்றார். கல்லும் மரக்கட்டையும் எப்போதும் என் பையில் இருக்கும். நானும் மேடையேறி அந்தப் பையனின் மிருதங்கத்தைத் தட்டி ஏற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு அதே உருப்படியை முதலிலிருந்து வாசித்தார்கள். பின்னால் நின்ற தகப்பன்மார் மெல்ல மெல்ல முன்னால் வந்துவிட்டார்கள்.

அடுத்து காமவர்த்தனி ராகத்தில் 'ராமநாதம் பஜேஹம்'. ராமேஸ்வரத்துச் சுவாமி மேல் தீட்சிதர் பாடியது. தவில்காரர் பையனுக்கு இடம் விட்டு விட்டு வாசித்தார். அந்த நயத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். ஆனால் மணி எட்டேகால் ஆகிவிட்டது, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் இருந்ததால் பயிற்சி செய்த இரண்டு உருப்படிகளை வாசிக்காமலே முடித்துக்கொண்டார்கள். மூன்று மாதமாக என் வீட்டில் காலையும் மாலையும் கேட்டவை அவை. அழுகையை அடக்கிக்கொண்டு பெட்டியை மூடினாள் என் பேத்தி.

பாடகர் பூச்சி சீனிவாச ஐயங்காரை ஆதரித்த சமஸ்தானம் இது. மிருதங்கத்தில் முருகபூபதியைத் தந்த ஊர் இது. ராமேஸ்வரத்தில் பிறந்த கலாம் ஐயா ஜனாதிபதியான பிறகும் வீணையை விடவில்லை. அப்படிப்பட்ட சீமையில் பிள்ளைகளின் வாசிப்பைப் பேச்சுக்கு இடையில் செருகும் நிகழ்ச்சியாக நடத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

பெரியவர்கள் பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வந்தால்தான் நன்கொடை வரும், வாத்தியம் வாங்க முடியும். பேச வேண்டியதைப் பிள்ளைகள் வாசித்து முடித்த பிறகு பேசலாம். இல்லை, முதலில்தான் பேச வேண்டுமென்றால் அதுவரை பிள்ளைகளையும் வாத்தியங்களையும் உள்ளே ஒரு அறையில் வைத்திருங்கள். மார்கழி, தை, மாசியில் கடற்கரையில் திறந்த மேடை போடாமல் பள்ளி மண்டபத்தில் வையுங்கள். விருந்தினரை அழைக்கும்போதே இரண்டு நாள் முன்னதாக வரச் சொல்லுங்கள். இந்த மூவரும் வந்ததைப் போல மற்றவர்களும் வருவார்கள்.

நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை செய்தியாளர் பொன்னாடை முடிந்ததும் கிளம்பாமல் வாசிப்பு முடியும்வரை இருக்கட்டும், படமும் அப்போது எடுக்கட்டும்.

பங்குனியில் மறுபடி ஒரு கச்சேரி வைக்கப்போவதாகப் பேத்தி சொன்னாள். விடுபட்ட இரண்டு உருப்படிகளையும் அன்றைக்கு முதலில் வைத்தால் நல்லது. தோல் வாத்தியம் எல்லாவற்றுக்கும் முந்தின நாளே வந்து மூட்டு இறுக்கிக் கொடுத்துவிடுகிறேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
மிருதங்கம், தவில் மூட்டுக் கட்டுபவர்,
ராமநாதபுரம்.