மாமா, புது வெர்னாவில் டீசல் கிடையாது

மார்ச் 2023

அன்புள்ள மாமாவுக்கு,

ஹூண்டாயின் வெர்னா செடான் (பின்னால் தனி டிக்கி உள்ள கார்) பற்றி நேற்று போனில் "புது வெர்னா வருதாமே, டீசல் எத்தனை பிஎஸ்?" என்று அதன் குதிரைசக்தியைக் கேட்டீர்கள். நான் பதில் சொல்லத் தயங்கியதில் லைன் கட்டாகிவிட்டது. சரி, இதே கேள்வியோடு இன்னும் நாலைந்து பேர் இருப்பார்கள் என்பதால் பதிவாகவே எழுதிவிடுகிறேன்.

டீசல் கிடையாது மாமா. 21-ஆம் தேதி வரப்போகிற வண்டிக்கு இரண்டே இன்ஜின்தான். இரண்டும் 1.5 லிட்டர் பெட்ரோல். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாதனம்) இல்லாத சாதா இன்ஜின் 115 பிஎஸ், டர்போ 160 பிஎஸ். பழைய 1.5 டீசலையும் 1.0 லிட்டர் சின்ன டர்போவையும் தூக்கிவிட்டார்கள்.

வேறு கம்பெனி பார்க்கலாம் என்பீர்கள். ஹோண்டா சிட்டியிலும் இந்த மாதம் டீசலை நிறுத்திவிட்டார்கள். மற்ற கம்பெனி செடான்களில் ஸ்லாவியா, விர்டஸ் இரண்டும் பெட்ரோலில் மட்டுமே வந்தவை. சியாஸில் 2020-லேயே டீசல் போய்விட்டது. ஹூண்டாயிலேயே கிரெட்டா என்ற உயரமான வண்டியில் 1.5 டீசல் இருக்கிறது. ஆனால் போன வருஷம் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு "ஜீப்புல போற மாதிரி இருக்கு" என்று இறங்கியவர் நீங்கள்தான்.

காரணம் இதுதான்: 2023 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியின் இரண்டாம் கட்டம் வருகிறது. புகையை ஆய்வுக்கூடத்தில் அளந்தால் மட்டும் போதாது, ரோட்டில் ஓடும்போதும் அளவுக்குள் இருக்க வேண்டும். டீசல் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடை அடக்கத் தனிச் சாதனங்கள் வேண்டும், அது செலவு. செடானில் டீசல் கேட்கிற ஆள் குறைந்துபோன நேரத்தில் அந்தச் செலவை யார் செய்வார்கள்?

இப்போது உங்கள் வண்டிக்கு வருகிறேன். 2011-ல் எடுத்த பழைய வெர்னா, 1.6 சிஆர்டிஐ டீசல். அதில் திம்பம் மலைப்பாதை ஏறும்போது பக்கத்து சீட்டில் எத்தனை தடவை உட்கார்ந்திருப்பேன்! பண்ணாரி தாண்டி 27 கொண்டை ஊசி வளைவு. லாரிக்குப் பின்னால் ஊர்ந்துபோய், வளைவு முடிந்து வழி கிடைத்ததும் கியரைக்கூட மாற்றாமல் லேசாக மிதிப்பீர்கள். ஒரு நொடி ஒன்றும் இருக்காது, அப்புறம் முதுகு சீட்டோடு ஒட்டும். "பாத்தியா, டீசல்!" என்பீர்கள்.

அங்கேதான் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. அது டீசலின் வேலை இல்லை மாமா, டார்க்கின் வேலை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவையின் வேலை. டர்போவும் டீசலும் அந்த நாளில் சேர்ந்தே வந்ததால் நாம் டீசலுக்குப் பெயரைக் கொடுத்துவிட்டோம். உங்கள் இன்ஜினின் உச்ச டார்க் 260 நியூட்டன் மீட்டர், அது 1900 ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் வேகம்) கிடைக்கத் தொடங்கும். புது டர்போ பெட்ரோலில் 253. ஆனால் அது 1500 ஆர்பிஎம்மிலேயே வந்து 3500 வரை நிற்கும். அந்த ஒரு நொடித் தூக்கம் குறையும் என்றுதான் நினைக்கிறேன். சாதா பெட்ரோலில் இது நடக்காது. அதில் மொத்தமே 144, அதுவும் 4500 ஆர்பிஎம்மில்தான். திம்பத்தில் இரண்டாம் கியரில் அலறவிட்டு ஏற்ற வேண்டும், பழகாத காதுக்கு வண்டி அழுகிற மாதிரி இருக்கும். குறை சொல்லவில்லை, டவுனுக்குள் ஓட்ட அது நல்ல, சாதுவான இன்ஜின்.

அடுத்தது கணக்கு. நீங்கள் வண்டி எடுத்த வருஷம் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். மஞ்சள் மண்டிக்கும் கோயமுத்தூருக்கும் தினமும் அலைந்த காலம், டீசல்தான் சரி. 2014-ல் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தபிறகு அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. இந்த 2023 மார்ச்சில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 102.63 ரூபாய், டீசல் 94.24 ரூபாய். உங்கள் சர்வீஸ் பில்களைப் பொங்கலுக்கு வந்தபோது புரட்டிப் பார்த்தேன் (கோபிக்க வேண்டாம்). மாசத்துக்கு 500 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. 500 என்றே வைப்போம். டீசல் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்தால் 2,600 ரூபாய், பெட்ரோல் 14 கொடுத்தால் 3,650 ரூபாய் ஆகும். மிச்சம் ஆயிரத்துச் சொச்சம். டீசல் வண்டிக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்தால் அதை எடுக்கவே எட்டு வருஷம்.

இன்னொன்று. இப்போதைய டீசல் வண்டிகளில் கரியைப் பிடிக்க டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கும். சூடேறி நீண்ட தூரம் ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரியும். காலையில் பாரியூர் கோயில், சாயங்காலம் கடைவீதி என்று ஓட்டினால் அது அடைத்துக்கொண்டு டேஷ்போர்டில் விளக்கு எரியும். உங்கள் பழைய வண்டிக்கு இந்தத் தொல்லையே இல்லை, அதனால் உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

என் ஓட்டு டர்போவுக்கு. இடது முட்டி வலிக்கிறது என்று கிளட்சைத் திட்டுகிறீர்களே, அதனால் ஏழு கியர் டிசிடி (இரட்டைக் கிளட்ச்) ஆட்டோமேட்டிக். ஈரோடு பஸ் ஸ்டாண்டு நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தும்போது அது கொஞ்சம் வெட்டி வெட்டிப் போகலாம், பிரேக்கை விட்டு விட்டு உருட்டாமல் இடம் கிடைத்ததும் ஒரேயடியாக நகர்த்தினால் சூடேறாது. சாதா இன்ஜினோடு வரும் ஐவிடி என்ற, படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் அந்த நெரிசலில் வழுக்கிக்கொண்டு போகும், மேட்டில் மட்டும் சத்தம் முன்னால் போய் வண்டி பின்னால் வரும். மைசூருக்கு மகள் வீட்டுக்கு மாசம் ஒரு தடவையாவது போகிறவருக்கு அது ஒத்துவராது. பெட்ரோல் செலவு உங்கள் வலது காலைப் பொறுத்தது, அது எப்படிப்பட்ட கால் என்று எனக்குத் தெரியும்.

21-ஆம் தேதிக்கு அப்புறம் வரும் ஞாயிறு கோபிக்கு வருகிறேன். அதற்குள் எதையும் புக் செய்ய வேண்டாம். ஷோரூமில் நேர் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டக் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள், ஏதாவது ஒரு மேடு இருக்கிற பக்கமாகக் கேட்டு வாங்குவோம். டர்போவின் விலையை அத்தையிடம் யார் சொல்வது என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்