வீட்டை எண்ணினால் பெண்ணின் வறுமை தெரியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழ்நாட்டில் வறுமை கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டது என்று போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மத்திய அரசின் நிதி ஆயோக், படிப்பு, உடல்நலம், வீட்டு வசதி எல்லாம் பார்த்துப் போடும் வறுமைக் கணக்குப்படி இங்கே நூற்றுக்கு 2.20 பேர்தான் ஏழைகள். எண்ணில் தப்பில்லை, ரேஷனும் சத்துணவும் ஆரம்ப சுகாதார நிலையமும் இத்தனை வருடமாகச் செய்த வேலைக்கு அது நல்ல சான்று. ஆனால் அந்த எண் எந்தத் தேசியக் குடும்ப நல ஆய்விலிருந்து (2019-21) வந்ததோ, அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ளவர்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றும் இருக்கிறது. ரத்தசோகைக்கு வறுமை மட்டும் காரணமில்லை, தெரியும். ஆனாலும் நூற்றுக்கு இரண்டு பேர்தான் ஏழை என்கிற ஊரில் பாதிக்கு மேல் பெண்களுக்கு ரத்தம் போதவில்லை என்றால் எங்கேயோ இடிக்கிறதே என்று கட்டுரையாளருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

எங்கே இடிக்கிறது என்று சொல்கிறேன். அந்தக் கணக்கு ஆளை எண்ணவில்லை, வீட்டை எண்ணுகிறது. வீட்டில் பத்து வயதுக்கு மேற்பட்ட யாராவது ஒருவர் ஆறு வருடம் பள்ளிக்கூடம் போயிருந்தால் அந்த வீட்டுக்குப் படிப்பில் குறை கிடையாது. மகன் படித்திருந்தால் போதும், அம்மா கைநாட்டு என்பது கணக்கிலேயே வராது. வங்கிக் கணக்கும் அப்படித்தான், வீட்டில் ஒருவருக்கு இருந்தால் எல்லோருக்கும் இருந்த மாதிரி. செலவை வைத்து எடுக்கும் சர்வேயிலும் மொத்த வீட்டுச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடுகிறார்கள். அப்பாவின் டாஸ்மாக் செலவையும் சேர்த்துத்தான் வகுக்கிறார்கள். தாளில் அம்மாவுக்கும் ஒரு பங்கு விழுந்துவிடும்.

நான் டெல்டா பக்கம் ஒரு தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், மனுவும் எழுதிக் கொடுப்பேன். அதனால் இது எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயமில்லை. சமீபத்தில் ஒரு அக்கா வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும், நடவு, களை எடுப்பு, கிடைத்தால் நூறு நாள் வேலை. புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார், மூன்று வருடமாகக் காசும் இல்லை, போனும் இல்லை. அக்கா இரண்டு பிள்ளைகளோடு அம்மா வீட்டுத் திண்ணையில் இருக்கிறார். ஆனால் பெயர் இன்னும் மாமியார் வீட்டு ரேஷன் கார்டில்தான். குடும்பத் தலைவி மாமியார், எனவே குடும்பத் தலைவிக்கு மாநில அரசு மாதாமாதம் தரும் மகளிர் உரிமைத் தொகை மாமியாருக்கு. ஒரு கார்டுக்கு ஒருவர்தான் என்பது விதி. சரி, கார்டிலிருந்து பெயரை எடுத்துத் தனிக் கார்டு போடலாம் என்று பார்த்தால், கார்டில் பதிந்த போனுக்குத்தான் ஓடிபி போகும், அந்தப் போன் மாமியார் கையில். “கொடுக்க மாட்டேன்னு சொல்லலம்மா, போனைத்தான் எடுக்க மாட்டேங்குறாங்க” என்றார் அக்கா. கணவனைப் பிரிந்து வாழும் பெண்ணுக்கு நேரில் விசாரித்துத் தனிக் கார்டு கொடுக்கலாம் என்று 2021-லேயே உத்தரவு வந்திருக்கிறது. கவுண்டரில் இருப்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டுமே! “ஏம்மா, அனுசரிச்சுப் போயிடக் கூடாதா” என்று அறிவுரை சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்புறம் கணவனால் கைவிடப்பட்டோர் ஓய்வூதியம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு முப்பது வயது ஆகியிருக்க வேண்டும், சட்டப்படி விவாகரத்தோ கோர்ட் கொடுத்த பிரிவுச் சான்றோ வேண்டும், இல்லாவிட்டால் அவன் விட்டுப் போய் ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும். அக்காவுக்கு மூன்றுதான் ஆகிறது. இன்னும் இரண்டு வருடம் பிள்ளைகளுக்கு எதைப் போட்டு வளர்ப்பது என்று விதி எழுதியவர்கள் யோசித்திருப்பார்களா தெரியவில்லை. அந்த மாமியார் வீடு ஓட்டு வீடு, ஆனால் கரண்ட் இருக்கிறது, கேஸ் இருக்கிறது, டிவி இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது. நிதி ஆயோக் கணக்கில் அது ஏழை வீடே இல்லை, கார்டைப் பார்த்தால் அக்கா இன்னும் அந்த வீட்டு ஆள்தான்.

உரிமைத் தொகையை நான் குறை சொல்லவில்லை. 2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கி ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் கணக்குக்கு மாதம் ஆயிரம் ரூபாய் நேராகப் போனது சின்ன விஷயமில்லை, டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் போவதும் அப்படியே. நான் கேட்பது யாருக்குப் போய்ச் சேரவில்லை என்பதை. தகுதி விதியைப் பாருங்கள். குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், குடும்ப நிலம் நஞ்சை என்றால் ஐந்து ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் இருக்கக் கூடாது. எல்லாமே குடும்பம், வீடு. புருஷன் பெயரில் ஒரு பழைய கார் நின்றால் பொண்டாட்டியும் வசதியானவள் ஆகிவிடுகிறாள், அதில் ஏறி உட்கார்ந்தாளா என்று கேட்பாரில்லை.

இதைவிட எனக்கு வயிற்றெரிச்சல் தருவது பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் குழுக்கடன். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி வருடத்துக்கு மூன்று லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் நுண்கடன் கொடுக்கலாம், தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் அந்த வருமானத்தில் புருஷன் சம்பளமும் சேர்த்தி, அதில் எவ்வளவு வீட்டுக்கு வருகிறது என்பது வேறு கதை. கடன் மட்டும் பெண் பெயரில். தவணை நாளன்று காலையிலேயே என் கடைக்குப் பக்கத்துத் தெருவில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்தி வராவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டுக்குப் போய் நிற்க வேண்டும். ஒரு குழுவில் வாங்கி இன்னொரு குழுவுக்குக் கட்டுகிறவர்கள் நிறைய. தவணை தவறாமல் கட்டினால் பெண்கள் சக்தி பெற்றுவிட்டார்கள் என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். தோட்டை அடகு வைத்துக் கட்டினாளா, ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்துக் கட்டினாளா என்று கேட்க அந்த அறிக்கையில் கட்டமே இல்லை.

விதவை ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய், 2012-ல் வைத்தது. மாநில அரசு மேலே போட்டுத் தருவதால்தான் அது ஏதோ பணம் என்கிற அளவுக்கு இருக்கிறது. இன்னொரு பக்கம், மத்திய பட்ஜெட்டில் 2005-06 முதல் பெண்களுக்கான ஒதுக்கீடு என்று தனி அறிக்கை போடுகிறார்கள், அதில் கிராமப்புற வீடு கட்டும் திட்டத்தின் பணத்தையும் நூற்றுக்கு நூறு பெண்களுக்கானது என்று காட்டி வந்திருக்கிறார்கள். பட்டா பெண் பெயரில் இருக்கலாம், ஆனால் ஆண்கள் அந்த வீட்டுக்கு வெளியிலா படுக்கிறார்கள்? தொகை பெரிதாகத் தெரிய வேண்டும் என்றால் பெண் பெயர் வருகிறது, தகுதி பார்க்கும்போது குடும்பம் வந்துவிடுகிறது.

வேலைக் கணக்கும் இதே கதைதான். யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று பார்க்கும் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், கூலி இல்லாமல். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் சேர்த்து உழைக்காதவர்கள் என்று வைத்ததற்கு 2010-ல் உச்ச நீதிமன்றமே கண்டனம் சொன்னது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னார். கோர்ட்டுக்குப் புரிந்தது சர்வே படிவத்துக்குப் புரிய இன்னும் எத்தனை காலமோ.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வீட்டில் சொத்து யார் பெயரில், கடன் யார் பெயரில், சம்பளம் யார் கைக்கு வருகிறது என்று ஒவ்வொரு ஆளிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், முடிந்தால் பக்கத்தில் புருஷனோ மாமியாரோ இல்லாமல் கேளுங்கள். பிரிந்து வந்த பெண் மனு கொடுத்தால் இத்தனை நாளுக்குள் தனிக் கார்டு என்று கெடு வையுங்கள், ஓடிபி அவள் போனுக்கே போகட்டும். கைவிடப்பட்டோர் ஓய்வூதியத்தில் ஐந்து வருடத்தை ஒரு வருடமாக்குங்கள். கட்டுரையாளர் அடுத்த முறை வறுமைப் புள்ளிவிவரம் எழுதும்போது, கார்டில் பெயர் ஓரிடத்திலும் ஆள் வேறிடத்திலும் இருக்கும் பெண்கள் எங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் என்று கலெக்டர் ஆபீஸில் கேட்டு அதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவாரூர் மாவட்டம்.